செத்த சிப்பாய்க்குக் கல். திரும்பி வந்த சிப்பாய்க்கு ஸ்டூல்



சென்ற மாதம் பக்கத்து டவுனில் நடந்த ஒரு கூட்டத்திற்குப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்தபின் பஸ் செலவுக்குப் பணம் எடுக்கலாமென்று ஒரு பாங்கியின் ஏ.டி.எம். படியில் ஏறினேன். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். முகத்தைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி. பட்டாளத்தில் 17 வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"என்னப்பா, எனக்கு எதுக்கு சல்யூட்?" என்றேன்.

"இல்லைண்ணா, யார் வந்தாலும் அடிக்கணும்னு ஏஜென்சியில சொல்லியிருக்காங்க" என்றார்.

அவருக்கு வயது 38. பட்டாளத்தில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஆவடியில் கட்டிய டி-72 டாங்கிகளின் இஞ்சினைப் பிரித்துக் கோர்க்கும் வேலை. அந்த இஞ்சினுக்கு 12 சிலிண்டர், 780 குதிரைசக்தி. ராஜஸ்தான் மணலில், நெருப்பாய்க் காயும் வெயிலில், அதைக் கழற்றி மாட்டி ஓட வைத்த கை இன்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் நெற்றியில் உயர்ந்து இறங்குகிறது. எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுகிறது. இதுதான் அதற்கு நாம் கொடுத்திருக்கும் உத்தியோகம்.

இதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டுமென்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

நம் நாட்டில் வீரனுக்கு மரியாதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அவன் முதலில் செத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. செங்கம் பக்கத்திலே பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாக இருக்கின்றன. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள். எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள கல்லில், எசமானனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாய்க்குக்கூட, கோவிவன் என்று பேர் வெட்டி வைத்திருக்கின்றார்கள். நல்லது. நாய்க்கும் மரியாதை செய்த ஜனங்கள் நாம். அப்புறம் அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவி, சாராயம் ஊற்றி, கோழி அறுத்து, அதைச் சாமியாக்கி, அதற்கு ஒரு பூசாரியையும் வைத்துவிட்டோம். ஆனால் அதே சண்டைக்குப் போய், கை போய், கால் போய், அல்லது ஒன்றும் போகாமல் முழுசாக, உயிரோடு திரும்பி வந்தவன் என்ன ஆனான்? அவன் எதைத் தின்றான்? மறுநாள் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போனான்? ஒரு கல்லிலும் அந்தச் சங்கதி இல்லை.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கின்றது. எல்லையில் ஒரு சிப்பாய் இறந்தால் பெட்டியின் மேல் கொடி போர்த்தி, துப்பாக்கி முழக்கி, மந்திரியும் கலெக்டரும் வந்து நின்று, ஊரெல்லாம் படம் ஒட்டுகின்றார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் வருஷா வருஷம் இந்திய முப்படைகளிலிருந்து சுமார் 60,000 பேர் உயிரோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகின்றார்களே, அவர்களில் ஒருவன் டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனில் இறங்கும்போது, "தம்பி, இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்க அங்கே ஓர் ஆளும் இல்லை. டிசம்பர் 7ந் தேதி கொடி நாள் என்று 1949ம் வருஷத்திலிருந்து உண்டியல் குலுக்குகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொள்கின்றன. அதோடு மறுவருஷம் வரையில் நம் தேசபக்திக்கு ஓய்வு.

"ஏன், அவர்களுக்குத்தான் பென்ஷன் வருகின்றதே, இன்னும் என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். பென்ஷன் வருவது நிஜம். பதினைந்து வருஷம் சேவை முடித்த சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. ஒரே பதவி, ஒரே சேவைக் காலம் என்றால் ஒரே பென்ஷன் என்ற முறையையும், வெகுகாலம் போராடிய பிறகு, 2014 ஜூலை முதல் கணக்கிட்டு 2015ல் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே அவன் பட்டினி கிடக்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாத்தியாரும் தாசில்தாரும் தலை நரைத்தபின் ஓய்வு பெறுகின்றார்கள். சிப்பாயோ 35, 40 வயதில், பெரிய பிள்ளை பத்தாவது படித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே வந்துவிடுகிறான். இன்னும் இருபது இருபத்தைந்து வருஷம் உழைக்கக்கூடிய உடம்பையும் மூளையையும் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார் என்றால், சோறு போட்டாலும் அது தண்டனைதானே! மனிதன் வயிறு மட்டுமா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் சரியல்ல. மத்திய சர்க்கார் குரூப் சி உத்தியோகங்களில் நூற்றுக்கு 10, குரூப் டி என்று வழங்கிய கடைநிலை வேலைகளில் நூற்றுக்கு 20 முன்னாள் படைவீரர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கின்றார்கள். பத்தாவது தேறி 15 வருஷம் சேவை செய்தவனை, அந்த ஒதுக்கீட்டில் வரும் குரூப் சி வேலைகளில் பலவற்றிற்குப் பட்டதாரிக்குச் சமமாக வைத்துக்கொள்ளவும் விதி இருக்கின்றது. வயதில் சலுகை இருக்கின்றது. மறுவாழ்வுக்கென்று டில்லியில் ஒரு தனி டைரக்டரேட் இருக்கின்றது. ஜில்லாவுக்கு ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கின்றது. நம் மாகாணத்தில் 1986 முதல் டெக்ஸ்கோ என்ற கார்ப்பொரேஷன் இருக்கின்றது. காகிதத்தில் இவ்வளவும் இருந்தும், ஒதுக்கிய இடங்கள் முழுசாக நிரம்புகின்றனவா என்றால் இல்லை. நிரம்புகின்ற வேலை ஒன்றே ஒன்றுதான்: காவல். பாங்கிக்குக் காவல், ஆஸ்பத்திரிக்குக் காவல், நகைக்கடைக்குக் காவல், சாராயக்கடைக்கும் காவல்!

காவல் வேலை கேவலம் என்பது என் கருத்தல்ல. விரும்பிப் போகிறவன் போகட்டும். ஆனால் ஏன் எல்லோரையும் அந்த ஒரே ஸ்டூலில் கொண்டுபோய் உட்கார வைக்கின்றோம் என்றுதான் கேட்கிறேன். காரணம் இதுதான்: பட்டாளம் என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் வாசற்படி என்று நம் மூளையில் ஓர் எண்ணம் ஏறி உட்கார்ந்திருக்கின்றது. பட்டாளத்தில் பாலம் கட்டுகிறவன் இருக்கிறான். வயர்லெஸ் பார்க்கிறவன், கம்பி இழுக்கிறவன், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிறவன், ஆயிரம் பேருக்கு ஒரே வேளையில் சமைக்கிறவன், கிடங்கில் லட்சக்கணக்கான சாமானுக்குக் கணக்கு வைக்கிறவன், பனிமலைப் பாதையில் லாரி ஓட்டுகிறவன், எல்லாரும் இருக்கின்றார்கள். ஒரு ஜில்லாவை நடத்தப் போதுமான தொழில்கள் ஒரு டிவிஷனுக்குள் இருக்கின்றன. அவன் வெளியே வரும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் இவையெல்லாம் இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சுருக்கங்களாக எழுதியிருக்கின்றன. அதை அவன் பெண்சாதியாலும் படிக்க முடியாது, மில் மானேஜராலும் படிக்க முடியாது. மானேஜர் அதை மூடிவிட்டு, "நைட் ஷிப்டு செக்யூரிட்டி போறியா?" என்கிறார்.

இதற்கு மேல் நம் பழைய வியாதி ஒன்றும் சேர்ந்துகொள்கின்றது. எந்த வேலை எவன் செய்ய வேண்டும் என்பதைப் பிறக்கும்போதே நெற்றியில் எழுதியாகிவிட்டது என்று நம்புகின்ற ஜனங்களுக்கு, 38 வயதில் ஒரு மனிதன் புதுத் தொழில் ஆரம்பிப்பான் என்பதே விளங்குவதில்லை. "இந்த வயசில் இனிமேல் என்னத்தைப் புதுசாகக் கற்றுக்கொள்வது, எல்லாம் எழுதின எழுத்து" என்று சொந்தக்காரர்களே சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள். 38 வயதில் ஒருவன் ஒன்றும் கற்க முடியாது என்றால், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது எந்த வயதில் என்பதை எங்கள் வாசகசாலைத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இது நிற்க.

திரும்பி வருகின்ற சிப்பாய் எந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டாளம் ஒரு சமத்துவபுரி என்று நான் சொல்ல மாட்டேன். ஜாட் ரெஜிமெண்ட், ராஜபுத்திர ரெஜிமெண்ட் என்று ஜாதிப் பேராலேயே இன்னும் ரெஜிமெண்டுகள் நடக்கின்றன. ஆனாலும் ஒரே லங்கரில் ஒரே அண்டாவிலிருந்து வாங்கித் தின்று, ஒரே பாரக்கில் படுத்து, யார் தோளை யார் பிடித்துத் தூக்குவது என்று பார்க்காமல் 17 வருஷம் இருந்தவன், ஊருக்கு வந்த அன்றைக்கே, தான் எந்தத் தெரு என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது. சுபேதாராகப் போனவன் ஜாதியாகத் திரும்பி வருகிறான்.

இது புதுச் சங்கதியல்ல. டாக்டர் அம்பேத்கர் அவர்களின் தகப்பனார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். ஓய்வு பெற்றபின் ஒரு காஷியர் வேலையில் இருந்தார். 1901ல் அவரைப் பார்க்கப் பிள்ளைகள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ரயிலில் போய் இறங்கினார்கள். என்ன ஜாதி என்று தெரிந்தவுடன் ஸ்டேஷன் மாஸ்டர் விலகிப் போனார். வண்டிக்காரன் மாட்டை ஓட்ட மாட்டேன் என்றான். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஒரு சுபேதாரின் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை! அதற்குப் பத்து வருஷத்திற்கு முன்னால்தான் வெள்ளைக்காரச் சர்க்கார், தலைமுறை தலைமுறையாகத் தன் பட்டாளத்தில் உழைத்த மகார்களை இனிச் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தியிருந்தது. கோபால் பாபா வலங்கர் என்ற ஓய்வு பெற்ற சிப்பாய் 1894ல் அதை எதிர்த்து மனு எழுதினார். தீண்டாமையைக் கண்டித்துப் பத்திரிகைகளிலும் எழுதினார். பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு இனி என்ன வேலை இருக்கிறது என்று கேட்கின்றவர்கள் அந்த மனிதரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தவர், பேனாவை எடுத்தார்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், 1944ம் வருஷம் ஜூன் மாதம், சண்டை முடியுமுன்பே, அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். திரும்பி வரும் சிப்பாய்க்குப் படிப்புச் செலவு, தொழிற்பயிற்சி, வீட்டுக் கடன், வேலை கிடைக்கும் வரையில் கொஞ்சம் உதவித்தொகை என்று அதில் ஏற்பாடு. 1956 வரையில் 78 லட்சம் பேர் அதைக்கொண்டு படித்தார்கள், தொழில் கற்றார்கள். அவர்களில் 22 லட்சம் பேர் காலேஜுக்கே போனார்கள். தகப்பன் தலைமுறையில் ஒருவரும் காலேஜ் வாசலை மிதிக்காத குடும்பங்களிலிருந்து இஞ்சினீயர்களும் வாத்தியார்களும் கிளம்பினார்கள். தலையெழுத்தைச் சட்டம் போட்டு அழித்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் யாருக்கு? 1947ல் மிசிசிப்பி மாகாணத்து 13 நகரங்களில் கணக்கெடுத்தபோது, சிப்பாய்களுக்கென்று கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பர்களுக்குக் கிடைத்தவை 2. இரண்டாயிரம் அல்ல, இரண்டே இரண்டு. 1946 பிப்ரவரியில் ஐசக் வுட்டார்டு என்ற கறுப்புச் சிப்பாயைப் பட்டாளத்திலிருந்து விடுவித்தார்கள். சில மணி நேரத்துக்குள், உடுப்பைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அவரைத் தென் கரோலினாவில் போலீஸார் அடித்த அடியில் இரண்டு கண்ணும் போயிற்று. சட்டம் நல்ல சட்டம்தான். அதை நடத்துகிற கை ஜாதி பார்க்கும் கையாக இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்கு இது ஒன்றும் புரியாத பாஷை அல்ல.

இனி மனசைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து கத்துகிறவன், பட்டாசுச் சத்தத்திற்குக் கட்டிலுக்கடியில் போகிறவன், காரணமில்லாமல் பிள்ளையை அடித்துவிட்டுத் தானே அழுகிறவன், இப்படிப்பட்டவன் ஒருவன் வீட்டில் இருந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? எல்லையில் செத்தவனுடைய ஆவி பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றது என்கிறார்கள். பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலையால் அடிக்கிறார்கள். தர்காவுக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய் மண்டலக் கணக்கில் உட்கார வைக்கின்றார்கள். 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் நெருப்பில் ஓடவும் முடியாமல் வெந்து செத்தார்களே, அவர்களையும் பேய் ஓட்டத்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இது பேயல்ல. முதல் உலக யுத்தத்திலேயே, 1915ல், டாக்டர்கள் இதற்குக் குண்டு அதிர்ச்சி என்று பேர் வைத்து எழுதியாகிவிட்டது. கால் முறிந்தால் எலும்பு வைத்தியரிடம் போவது எப்படியோ, அப்படியே இதற்கும் வைத்தியர் இருக்கிறார். 2003 முதல் முன்னாள் படைவீரர்களுக்கென்று இ.சி.எச்.எஸ். என்ற வைத்தியத் திட்டம் நடக்கின்றது. 2022 முதல் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை சொல்கின்றார்கள். காசு கிடையாது, தட்சணை கிடையாது, கோழியும் வேண்டாம்.

வைத்தியரை விட்டுவிட்டுக் கோட்டா ரம்மைப் பிடித்துக்கொண்டவர்களும் பலர். அதில் அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டாளத்தான் வீட்டுக்கு ஊரார் எதற்குப் போகிறார்கள்? மிலிட்டரி கேண்டீனில் சல்லிசாக ஒரு பாட்டில் கிடைக்குமா என்றுதானே! உண்மையைச் சொன்னால் நானும் யோக்கியனல்ல. மேலே சொன்ன தம்பி வந்திறங்கிய வருஷம், கேண்டீன் கார்டில் ஒரு மிக்சி வாங்கித் தரச் சொல்லி அவர் வீட்டு வாசலில் நின்றவன்தான் நான். "உனக்கு என்ன தொழில் தெரியும்?" என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருந்திராது.

வீட்டுப் பெண்ணைப் பற்றியும் யாராவது நினைத்தார்களா? புருஷன் 17 வருஷம் வடக்கே இருக்கையில், பிள்ளைக்கு ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவள்; ரேஷன் கார்டு, பட்டா, பாங்கிக் கடன், மாமியாரின் கடைசிக் காரியம் எல்லாவற்றையும் நடத்தியது அவள். அந்த வீட்டுக்குச் சுபேதார் அவள்தான். இவர் வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு விசில் ஊதாத குறையாக எல்லோரையும் எழுப்பி, "ஏன் இது இங்கே இருக்கிறது?" என்று ஆரம்பித்தால் வீடு பாரக் ஆகுமா? புருஷன் என்ற அதிகாரத்தைக் கழற்றி உடுப்போடு பெட்டியில் வைத்துவிட்டு, அந்த வீட்டில் தான் புது ரெக்ரூட்டு என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் வேலை கேட்டுச் செய்கிறவன்தான் சீக்கிரம் மனிதனாகிறான். நான் பார்த்தவரையில் அப்படிச் செய்தவர்கள் குடியிலும் விழவில்லை, பூசாரியிடமும் விழவில்லை.

பணமும் அப்படித்தான். ஓய்வு பெறும்போது கிராஜுவிட்டி, கம்யூடேஷன் என்று மொத்தமாகக் கையில் கொஞ்சம் வருகின்றது. அது வரும் நாள் அவனுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கும்பாபிஷேகக் கமிட்டி ஒரு ரசீதுப் புஸ்தகத்தோடு வருகின்றது. தங்கை சடங்கு, மச்சினன் சீட்டு, ஜோசியன் சொன்ன பரிகாரம், வாஸ்துப்படி இடித்துக் கட்டின வாசல் என்று ஒரே வருஷத்தில் கரைந்துபோய், அப்புறம்தான் ஏ.டி.எம். ஸ்டூல். ஒரு லேத்து மிஷின் வாங்கியிருக்க வேண்டிய பணம் கோபுரத்துக் கலசமாகப் போய் மேலே உட்கார்ந்திருப்பதை நான் எங்கள் பக்கத்திலேயே காட்ட முடியும்.

இனி வரப்போவது இன்னும் கஷ்டம். 2022 ஜூனில் அக்னிபத் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். நான்கு வருஷம் சேவை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு அனுப்புவது, பென்ஷன் கிடையாது. முதல் அணியினர் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தார்கள். நான்கைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயது வாலிபர்கள் கையில் பணத்தோடும், என்ன செய்வது என்ற கேள்வியோடும் ஸ்டேஷனில் இறங்கும்போது, ரசீதுப் புஸ்தகக்காரனும் சீட்டுக் கம்பெனிக்காரனும் முதலில் போய் நிற்பார்கள். நாம் எங்கே நிற்கப் போகிறோம்?

எங்கள் வாசகசாலையில் ஒரு காரியம் ஆரம்பித்திருக்கின்றோம். சுற்றியுள்ள ஏழு கிராமத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் யார் யார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், அவர்கள் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தை வாங்கி, அதிலுள்ள சுருக்கெழுத்தையெல்லாம் அவர்களையே கேட்டு, என்ன வேலை தெரியும் என்பதைப் பச்சைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதுகிறோம். தெரு, ஜாதி எழுதும் கலம் அதில் இல்லை. இதுவரை 31 பேர். அதில் டீசல் மெக்கானிக் 6, ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவர் 3, எலெக்ட்ரிக் வேலை 5, டிரைவர் 9, சமையல் 2, கணக்கு 4. மற்ற இருவர் காலாட்படையில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர், போலீஸ் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளை விடியற்காலை ஓட வைக்கிறேன் என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். பெண் பிள்ளைகளும் ஓட வருவார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அந்த நோட்டு எழுத ஆரம்பித்த இரண்டாம் வாரம். அறுவடைக் காலம். ஒரு நெல் அறுக்கும் மிஷின் வயலின் நடுவில் நின்றுபோய் மூன்று நாளாயிற்று. வானம் மூடிக்கொண்டு வந்தது. டவுன் மெக்கானிக் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின்காரர் வாசகசாலைக்கு ஓடி வந்தார். நான் ஏ.டி.எம். தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் நேரே வயலுக்கு வந்தார். வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உள்ளே கையை விட்டார். பதினொரு மணி இருக்கும், மிஷின் கிளம்பிற்று.

மிஷின்காரர் பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு, "தம்பிக்கு ஏதாச்சும் டீச் செலவுக்கு..." என்று இழுத்தார். தம்பியும், "பரவாயில்லைண்ணா, நம்ம ஊர்தானே" என்று கூச்சப்பட்டார்.

"டவுன் மெக்கானிக்குக்கு எவ்வளவு பேசினீங்க?" என்று நான் கேட்டேன்.

"மூவாயிரம்."

"அதையே கொடுங்க."

கொடுத்தார்.